பதினாறு பரப்பு

விடுவித்த காணிக்குள் நாங்கள் முதலில் கொண்டுபோனது
கத்தியும் கோடரியும்.
இருபத்தேழு வருசம் ஆளில்லாத வீட்டில்
காடு குடியிருந்தது.
சாமியறையில் ஒரு வாகை.
கிணற்றுக்கட்டைப் பிளந்துகொண்டு இத்தி.
கூரை இருந்த உயரத்தில் புலுனிகளின் சண்டை.
நான்தான் சொன்னேன், எல்லாத்தையும் வெட்டுங்கோ.
பெக்கோவுக்கு மணித்தியாலக் காசு.
இரண்டாம் நாள் பின்னேரம்
சாமியறைக்குள் வெயில் விழுந்தது.
ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று
படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

பிறகு ஐந்து சித்திரை.
தகரம் கொதிக்கும்.
தேத்தண்ணியில் கிணறு கரிக்கும்.
ஒரு குருவிகூட எங்கள் வேலியில் தங்கவில்லை,
தங்கினாலும் எதில்?

சனசமூக நிலையத்தில் கூட்டம்.
கல் கிண்டிய பள்ளத்தோடு சேர்த்துப்
பொதுக்காணி பதினாறு பரப்பு.
காடு வைப்பம் என்றாள் நிருத்திகா.
காத்தாடி மட்டும் சுற்றியது.
"காடோ? திரும்பவுமோ?"
பாம்பு வரும் என்றது பின்வாங்கு.
"பாம்பு பறவாயில்லை,
காடெண்டு கண்டால் திணைக்களம் வந்து
எல்லைக்கல்லுப் போடும்.
பிறகு எங்கட காணிக்கு நாங்கள் கடிதம் எழுதவேணும்."
அதற்கு ஒருவரிடமும் மறுமொழி இல்லை.
ஆகவே அறிக்கைப் புத்தகத்தில்
நிழல்மரத் தோட்டம் என்று எழுதினோம்.
அந்தச் சொல்லை அடித்து.

குலவீரசிங்கத்தார் ஒருகாலத்தில்
சீமெந்து ஆலையில் லொறி நிறுத்தவர்.
மரம் காற்றிலிருந்து கரியை எடுத்து வைக்கும் என்று
நிருத்திகா கணக்குச் சொன்னபோது
எழும்பிக் கேட்டார்:
"எத்தினை தொன்? எந்தத் தராசு?"
யாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
இங்கிருந்து போன கல்லின் எடை
அவருக்குத் தெரியும்.

ஐப்பசி.
அலவாங்கு ஒரு சாணில் கல்லைத் தட்டும்.
தட்டினால் அதிர்வு தோள்வரை ஏறும்.
சாந்தரூபி மட்டும் அலவாங்கைத் தொடவில்லை.
முகமாலையில் ஒன்பது வருசம் கண்ணிவெடி எடுத்தவள்,
முழங்காலில் இருந்து
சரிவாகக் கம்பி விட்டு
மண்ணை விரலால் வழித்தாள்.
நாங்கள் பத்துக் குழி வெட்ட அவள் இரண்டு.
மூன்றாவதில் கை ஒருகணம் நின்றது.
வெறும் சிப்பி.
பைக்கற்றைக் கிழித்துப் பாலைக்கன்றை இறக்கும்போது
"எடுத்துத்தான் பழக்கம்" என்றாள்,
"வைக்கிறது இதுதான்."

பாலை, விண்ணாங்கு, உலுவிந்தை, காரை,
பள்ளத்து ஓரத்துக்கு மருது.
பெயர் தெரியாத சிலதும் இருந்தன.
நான் ஒரு வாகை கேட்டு வாங்கினேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லது.

ஸ்காபரோவிலிருந்து என் தமையன்
தண்ணி பவுசருக்குக் காசு அனுப்பினான்,
அம்மாவின் பெயரில் பலகை ஒன்று வேண்டுமாம்.
போட்டோம்.
அதில் முதலில் குந்தியது ஒரு கரிச்சான்,
பிறகு எல்லாப் பறவைகளும்.
அம்மாவின் பெயர் வெள்ளையாய் வழிந்து
எழுத்துத் தெரியாமல் போனது.
அதன் அடியில்
நாங்கள் நடாத நறுவிலி ஒன்று
நட்டதையெல்லாம் முந்திக்கொண்டு நிற்கிறது.
தமையனுக்கு இன்னும் சொல்லவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு வைத்தோம்.
போன ஆவணியில் எண்ணியபோது நூற்றி எழுபத்தொன்று.
செத்ததில் என் வாகையும்.
இன்னொன்று வைத்தேன்.
பள்ளத்தில் மாரித்தண்ணி இம்முறை
தைப்பொங்கல் தாண்டியும் கிடந்தது.
கிணறு இனித்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.
இல்லை.
ஆனால் ஒருநாள் விடிய
செண்பகம் கூப்பிட்டது.
எங்கிருந்து என்று தேடாமல்
பல்லுத் தீட்டியபடி நின்றேன்.

நேற்றுப் பின்னேரம்
சூசைதாசன் வேலிக்கு மேலால் கத்தினான்:
"அக்கா, என்ர கிடாய்
காட்டுக்குள்ள போட்டுது!"

சாந்தரூபி என்னைப் பார்த்தாள்.
நான் குலவீரசிங்கத்தாரைப் பார்த்தேன்.
அறிக்கைப் புத்தகம் அலுமாரியில் இருந்தது.
ஒருவரும் திருத்தவில்லை.
தடி எடுத்துக்கொண்டு ஓடினோம்,
அதற்குள் அது
மூன்று பாலையைத் தின்றுவிட்டிருந்தது.